நல்ல தண்ணீர் அவருக்கு, உப்புத் தண்ணீர் எனக்கு

வியாழக்கிழமை காலை. சிங்கப்பூரின் குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து ஜோகூர் பாருவுக்குப் பேருந்து. கட்டணம் ஐந்து வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம் டாலரும் வெள்ளிதான், அந்தப் பக்கம் ரிங்கிட்டும் வெள்ளிதான். எந்த வெள்ளி என்று கேட்டுக்கொள்வது புதிதாக வருகிறவரின் பொறுப்பு. பக்கத்து இருக்கைப் பெரியவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சோதனைச் சாவடில எல்லாரும் இறங்கணும். பேக்க வண்டில விட்டுட்டுப் போயிறாதீங்க. டிக்கெட்டையும் தூக்கிப் போட்றாதீங்க, அதக் காட்டித்தான் அடுத்த பஸ்ல ஏறணும்" என்றார். அவர் சொன்னபடியே இறங்கினேன், வரிசையில் நின்றேன், மறுபடி ஏறினேன்.

கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். எங்கள் பக்கம் சாலை காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம், ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றையொன்று உரசாத குறையாக நின்றன. தலைக்கவசங்கள் மட்டும்தான் தெரிந்தன. சிலர் கைப்பிடியின் மேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இடைவெளி விழுந்தால் கண் திறக்காமலே காலால் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள்.

இந்த நெரிசலைப் பார்க்க எனக்குத் தனி ஆவல் இருந்தது. என் பெட்டியில் இருந்த புத்தகம் பிறந்த இடம் இதுதான்.

திருச்சியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் வெளியிடுகிறோம். 'சாமூரின் மீன்கள்' எங்கள் அடுத்த வெளியீடு. சாமூர் பூமியில் இல்லாத உலகம். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள், அவை போய்ச் சேரும் ஒரே கடல், இரண்டிலும் நிறைய மீன்கள், அவ்வளவுதான். அங்கே மனிதர்கள் உண்டா என்று ஒருமுறை கேட்டதற்கு, 'மீனுக்கு இடைஞ்சலா இருக்கும், வேணாம்க்கா' என்று பதில் வந்தது. எழுதியவர்கள் ஜோகூரைச் சேர்ந்த குணசேகரன், தேவிகா தம்பதி. இருவரும் பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள். தினமும் இந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, தூக்கம் வராமலிருக்க ஆளுக்கொரு மீனாகச் சொல்ல ஆரம்பித்தார்களாம். சாமூர் என்பது ஏதோ பழைய சொல் என்று நினைத்து வேர் தேடிக்கொண்டிருந்தேன். 'ஜாம்ல பொறந்த ஊரு, ஜாமூர். எழுதும்போது சாமூர்னு ஆயிருச்சி' என்று விளக்கம் வந்தது.

நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இரண்டு வருடமாக மின்னஞ்சல்தான். அச்சுக்குப் போகும் முன் மூலப் படங்களைக் கையில் வாங்கி நல்ல ஸ்கேன் எடுக்க வேண்டும். கைபேசியில் எடுத்த படங்கள் அச்சுப்படியில் மங்கித் தெரிந்தன. அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஜோகூர் பாரு ரயில் நிலைய வாசலில் தேவிகா மட்டும் வந்திருந்தாள். நாற்பது வயதைத் தாண்டிய, கொஞ்சம் கால் சாய்த்து நடக்கும் பெண். "வாங்கக்கா. பசியா வந்திருப்பீங்க, நாசி லெமாக் பூங்குஸ் பண்ணி வச்சிருக்கேன்" என்று காடியின் கதவைத் திறந்துவிட்டாள். பூங்குஸ் என்றால் பொட்டலம், காடி என்றால் கார். தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது.

"குணா வரலையா?"

"அவரு ஊர்ல, ரெங்கத்துல இருக்காரு."

"அம்மாவைப் பார்க்கவா?"

பாசிர் கூடாங் நெடுஞ்சாலைக்குத் திரும்பும் இடத்தில் சிவப்பு விளக்கு. வண்டியை எடுத்த பிறகு சொன்னாள்: "இல்லக்கா. அங்கதான் இருக்காரு. நாங்க பிரிஞ்சி ஏழு மாசமாச்சி."

பொட்டலத்தின் ரப்பர் பாண்டைக் கழற்றியிருந்த நான் அதை மறுபடி மாட்டினேன். ஏன் மாட்டினேன் என்று தெரியாது.

"மெயில் வந்துகிட்டே இருந்துச்சே" என்றேன்.

"ஐடி ஒண்ணுதானே. பாஸ்வர்ட் ரெண்டு பேருக்கும் தெரியும். ஒரு வாரம் நான் பதில் போடுவேன், ஒரு வாரம் அவரு போடுவாரு. நீங்க 'அன்புள்ள குணா, தேவிகா'ன்னு எழுதுவீங்க. அதுக்குப் பதில் எழுதறப்ப எப்படிக்கா சொல்றது?"

இந்த ஏழு மாதங்களில் வந்த மின்னஞ்சல்களை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் கடல் மீன் பற்றி மட்டும், அடுத்த வாரம் ஆற்று மீன் பற்றி மட்டும். அதை வேலைப் பங்கீடு என்று நினைத்திருந்தேன்.

வியாழன், மதியம். தேவிகாவின் வீடு இருக்கும் மாசாய், ஜோகூர் பாருவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் தூரத்தில் தெரியும். வரிசை வீடுகள், வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள். தேவிகா இப்போது சிங்கப்பூர் போவதில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வீட்டின் கூடத்தில் சாப்பாட்டு மேசை முழுக்கக் கடல் மீன்களின் மூலப் படங்கள் பரப்பியிருந்தன.

முதல்முறையாக அசலைப் பார்க்கிறேன். வண்ணங்கள் இப்படி இருக்கும் என்று கைபேசிப் படம் சொல்லவே இல்லை. அரைத்தூக்கன் என்றொரு மீன்: உடம்பில் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி நீந்தும், அதனால் எப்போதும் வட்டமடித்துக்கொண்டே போகும். ஷிப்டு மீன் இரண்டு கூட்டம். பகல் கூட்டமும் இரவுக் கூட்டமும் சேர்ந்து நீந்துவதில்லை. மாறும் நேரத்தில் மட்டும் தலையோடு தலை முட்டிக்கொள்ளும். நீலப்பாய் கடல்நீர் வற்றும் நேரத்தில் தட்டையாக விரிந்து படுக்கும், மற்ற மீன்கள் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நீலப் பால்பாயிண்ட் பேனாவில் தேவிகாவின் எழுத்து.

படங்கள் எல்லாவற்றையும் வரைந்தது குணா, எழுதியது எல்லாம் தேவிகா. ஆனால் கற்பனையில் பிரிவு இருந்தது. அவன் ரெங்கம் தோட்டத்துப் பையன், கால்வாயும் ஓடையும் பார்த்து வளர்ந்தவன். நல்ல தண்ணீர் மீன் எல்லாம் அவன் நினைத்தது. இவள் இந்தக் கடலோரத்துப் பெண், உப்புத் தண்ணீர் மீன் எல்லாம் இவள் நினைத்தது.

"சாமான் பிரிக்கிறப்ப சண்டையே வரலக்கா" என்றாள் சோறு போட்டுக்கொண்டே. "ஃபிரிட்ஜ் எனக்கு, வேன் அவருக்கு. மீனுக்கு வந்தப்பதான் ரெண்டு பேரும் நின்னுட்டோம். அப்புறம் நான்தான் சொன்னேன், நல்ல தண்ணி உனக்கு, உப்புத் தண்ணி எனக்குன்னு. சரின்னுட்டாரு."

"முத்திரையான்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். முத்திரையான் ஆற்றில் முட்டையிலிருந்து வெளிவந்து கடலுக்குப் போய் வளர்ந்து மறுபடி ஆற்றுக்கு வரும் மீன். ஒவ்வொரு முறை எல்லையைத் தாண்டும்போதும் அதன் செதிலில் ஒரு வட்ட முத்திரை விழும். வேலை தேடிப் போன முதல் மாதங்களில் இவர்கள் கடவுச்சீட்டில் குத்தப்பட்ட முத்திரைகளிலிருந்து பிறந்தது அது. இருவரும் சேர்ந்து நினைத்த மீன் அது ஒன்றுதான்.

"அதுதான்க்கா பிரச்சினையே. படம் என்கிட்ட இருக்கு. ஆனா ஆத்துக்குப் போக வேண்டிய மீனு. அதான் கடைசி அத்தியாயத்த மாத்தி எழுதிட்டேன்."

ஒரு தாளை நீட்டினாள். சாப்பிட்ட கையோடு படித்தேன்.

'ஒரு நாள் சாமூரின் கடல் விழித்துப் பார்த்தபோது ஆற்று வாயில் மணல் நிரம்பியிருந்தது. யார் கொட்டியது என்று எந்த மீனுக்கும் தெரியவில்லை. ஆறு அந்தப் பக்கம் நின்றது. கடல் இந்தப் பக்கம் நின்றது. முத்திரையான் மட்டும் மணலை மூக்கால் தோண்டிப் பார்த்தது. அதன் உடம்பில் இன்னும் இரண்டு முத்திரைக்கு இடம் இருந்தது.'

அதோடு முடிகிறது. அதன் பிறகு எதுவும் இல்லை.

இது ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கான புத்தகம். என் கையிலிருந்த சோறு காய்ந்துவிட்டது. நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட அடிக்க முடியாது.

"இதை அவர் படிச்சாரா?"

"அனுப்பினேன். ப்ளூ டிக் வந்திச்சி. பதில் வரல. ரெண்டு புத்தகமாப் போட்டுருங்கக்கா. கடல் என்னுது, இப்பவே எடுத்துட்டுப் போங்க. ஆத்து மீன் ஒரிஜினல் அவர்கிட்ட இருக்கு. நாளைக்கு வாங்கிக்குங்க. நான் வரல."

வெள்ளிக்கிழமை. ஜோகூர் பாருவிலிருந்து குளுவாங்குக்கு ரயில். டிக்கெட் இருபது வெள்ளிக்குச் சற்று மேல், நம் பணத்தில் நானூறு ரூபாய்க்குப் பக்கம். ஒரு மணி நேரப் பயணம். கூலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கும் மரம். சன்னலில் ஒரே வரிசை, ஒரே உயரம், ஒரே பச்சை. ஒரு மரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த மரத்திலிருந்து அதை வேறுபடுத்திச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. இடையிடையே ஒரு கால்வாய் பளிச்சென்று வந்து மறையும்.

கடல் படங்கள் அட்டைப் பெட்டியில் என் மடியில் இருந்தன. பாதிப் புத்தகத்தை ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்டு மீதிப் பாதிக்காக இன்னொருவரிடம் போகிறேன். வாழ்க்கையில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

குளுவாங் நிலையத்தின் காப்பிக் கடையில் குணா காத்திருந்தான். ஒல்லியான, நெற்றியோர முடி நரைத்த மனிதன். சுட்ட ரொட்டியும் காப்பியும் வாங்கிக் கொடுத்தான், இரண்டுக்கும் சேர்த்து ஏழு வெள்ளி. காப்பி நம் ஊர்க் காப்பிபோல இல்லை. கறுத்து, கெட்டியாக, அடியில் இனிப்பு தங்கியிருந்தது. அவன் என் அட்டைப் பெட்டியைப் பார்த்தான், தொடவில்லை.

ரெங்கம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை செய்கிறான். வேன் முழுக்கக் குழாய்ச் சுருள்கள், வாயு உருளைகள். வழியில் அவன் கேட்ட முதல் கேள்வி புத்தகம் பற்றியது அல்ல.

"தேவிக்குக் கால் வலி எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட போனாளா?"

"தெரியலையே. நான் கேட்கல. கொஞ்சம் சாய்ச்சு நடக்குறாங்க."

"ம். போயிருக்க மாட்டா."

அவன் வீடு தோட்டத்துக்குப் போகும் சாலையோரம் இருந்தது. இரண்டு அறை. உள்ளே ஒரு மேசை, துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக. எனக்குப் பால் இல்லாத தேநீர் போட்டுக் கொடுத்தான். நான் கை கழுவித் துடைத்துக்கொண்டு, ஸ்கேன் செய்ய வேண்டிய முறை பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தான். "சரி, படங்களை எடுங்க, எண்ணிப் பார்த்துக்கலாம்" என்றேன்.

"இல்லக்கா."

"வேற எங்கயாச்சும் இருக்கா?"

"ஆத்துல விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "எதை?" என்றேன்.

"மீன" என்றான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அவன் வேகமாகப் பேசவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. தேவிகாவின் அத்தியாயம் வந்த வாரம், ஆற்று மீன்களின் படங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டுபோய், லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் போகும் சாலையில் ஓர் ஓடையில், ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வைத்துவிட்டானாம்.

"ஏன்?" இதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

"வாசல மூடிட்டாளேக்கா. போக எடமில்லாத ஆறு, அது கொஞ்ச நாள்ல சாக்கடைதான். அதுல எப்படி மீன வச்சிருக்கிறது? கிழிக்க மனசு வரல. எரிக்கவும் மனசு வரல. மீன்தானே, தண்ணில விடலாம்னு பட்டுச்சி."

என் கண் முன்னால் அவை ஒவ்வொன்றாக வந்தன. கெண்டைமீன் அளவில் ஒரே ஒரு பெரிய செதிலோடு, மழை பெய்தால் அதைக் கதவுபோலத் திறக்கும் ஒற்றைச்செதிலி. தோட்டத்துக் கால்வாயில் விழும் செம்பனைப் பழம் தின்று உடம்பே ஆரஞ்சாகிப்போன எண்ணெய்வாளை. தூண்டிலைக் கவ்வியபடியே தூங்கிவிடும் தூங்குவாய். எல்லாருடைய கூட்டுக்கும் போய் மீசையால் தடவிப் பார்த்துக் குறை சொல்லும் அத்தைக்கெளுத்தி. இவை எதுவுமே இப்போது இல்லை. என் பெட்டியில் உள்ள மங்கிய கைபேசிப் படங்கள்தான் மிச்சம். அவற்றை அச்சிட முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு மட்டும் சொந்தமா அது? பின்னால அவங்க எழுத்து இருந்துச்சே" என்றேன்.

"இருந்திச்சி" என்றான்.

பிறகு, நான் கேட்காமலே, மற்றதையும் சொன்னான். சிங்கப்பூர் நாட்களில் இவனுக்கு ஒரு ஷிப்டு, அவளுக்கு ஒரு ஷிப்டு என்று பல மாதம் போகுமாம். சேர்ந்து போகிற நாட்களில் பாலத்தில் நிற்கும் நேரம்தான் இருவருக்கும் கிடைத்த நேரம். அதில் சண்டை போட முடியாது, எங்கும் எழுந்து போக முடியாது. பேசினார்கள், சிரித்தார்கள், மீன் பிறந்தது. பிறகு கொஞ்சம் பணம் சேர்த்து, அங்கே போவதை விட்டு, வீட்டில் இருக்க ஆரம்பித்தார்கள். "நல்ல வீடு, நெறைய நேரம். ரெண்டு பேரும் ஒக்காந்து ஒருத்தர ஒருத்தர் பார்த்துகிட்டு இருந்தோம். ஜாம்ல பேசின மாதிரி வீட்ல பேச வரலக்கா. யாரு மேலயும் தப்பில்ல."

"தேவிகாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எனக்கு வாய் வரல. நீங்க சொல்லிடுறீங்களா?"

சொன்னேன். அவன் வீட்டு வாசலில் நின்று கைபேசியில் சொன்னேன். மறுமுனையில் தொழிற்சாலைச் சத்தம். "என்னக்கா? மறுபடி சொல்லுங்க" என்றாள். மறுபடி சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள், அந்தச் சத்தமும் நின்றது.

அன்று குளுவாங்கில் ஒரு சிறு ஹோட்டலில் தங்கினேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை. காலையில் நிலையத்துக் காப்பிக் கடைக்குப் போனால், தேவிகா உட்கார்ந்திருக்கிறாள். மாசாயிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். முன்னால் இருந்த காப்பி ஆறிப்போயிருந்தது. அழுத முகம் இல்லை. "எந்த எடத்துலன்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

குணாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு அவளுடைய காடியில் போனோம். அவன் முன்னதாகவே வேனை ஓரம் கட்டி நின்றிருந்தான். தோட்டத்துச் சாலைக்கு அடியில் ஒரு சிமெண்ட் குழாய், அதன் வழியே ஓடை. முந்தின நாள் மழையால் தண்ணீர் தேநீர் நிறத்தில் வேகமாக ஓடியது. இரண்டு கரையிலும் செம்பனை மட்டைகள் சாய்ந்து கிடந்தன. ஏழு மாதத்தில் அவர்கள் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். நான் போய்விடலாமா என்று பார்த்தேன். போக இடமில்லை.

"எங்க?" என்றாள்.

"இங்கதான். இந்தக் குழா மேல ஒக்காந்து."

"எல்லாம் ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்தான். ஒண்ணொண்ணா."

அவள் குழாயின் விளிம்புவரை போய்க் குனிந்து பார்த்தாள். அவன் பின்னாலிருந்தே சொன்னான். "கலர் சீக்கிரம் போயிருச்சி. வாட்டர் கலர்தானே. குப்புற மிதந்தது எல்லாத்துலயும் உன் எழுத்துதான் தெரிஞ்சிச்சி. பால்பாயிண்ட் இல்லியா, அது கரையல. அந்த வளைவு வரைக்கும் படிக்க முடிஞ்சிது."

அவள் திரும்பவில்லை. அவள் தோள் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"இந்தத் தண்ணி எங்க போவுது?" என்றாள்.

"சாயோங் ஆத்துக்கு."

"அங்கேர்ந்து?"

"ஜோகூர் ஆறு. கோத்தா திங்கி. அப்புறம்..." அவன் நிறுத்திவிட்டான்.

"அப்புறம் பாசிர் கூடாங் தாண்டித்தான கடல்."

"ம்."

"நம்ம... என் வீட்டுப் பக்கம்."

"ம்."

இப்போதுதான் திரும்பினாள். "தெரிஞ்சுதான் விட்டியா?"

"ரெங்கத்துல பொறந்தவனுக்கு ஆறு எங்க போவுதுன்னு தெரியாதா, தேவி?"

நேற்று முழுவதும் அவனை ஒரு பைத்தியக்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வீட்டு வாசலில் நின்று பேசியபோது, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தேவிகா குழாயின் மேல் உட்கார்ந்தாள். காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். எலும்பு தேஞ்சிருக்காம். மாத்திர குடுத்திருக்காங்க." பிறகு என்னைப் பார்த்து, "அந்த மணல் அத்தியாயத்த எடுத்துருங்கக்கா" என்றாள்.

"எடுத்துட்டா ஆத்து வாய் திறந்துரும். ஆனா ஆத்துல மீன் இல்லையே" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். பாதிப் புத்தகம் போன வருத்தம் எனக்கு.

குணா தொண்டையைச் செருமிக்கொண்டான். "வரஞ்சி தரேன். ஆனா படிச்சிப் பார்த்து வரைய எனக்கு வராது. அவ சொல்லணும்."

"ஆத்து மீன் உன்னுதுதானே, நான் என்ன சொல்றது?" என்றாள் தேவிகா.

"நான் நெனச்சேன். அவ்ளோதான். எனக்குச் சொல்லத் தெரியாது. நீதான் அதுக்கு மீச எப்படி இருக்கும், எப்படித் திரும்பும்னு சொல்லிகிட்டு வருவ. அதக் கேட்டுத்தான் வரஞ்சேன். எப்பவுமே அப்படித்தான்."

சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனது. குழாய் அதிர்ந்தது. அது போய் மறையும்வரை மூவரும் காத்திருந்தோம்.

"போன்ல சொல்றேன்" என்றாள். "வீட்டுக்கு வர வேணாம்."

"சரி."

"ஞாயித்துக்கெழம காலைல. நான் வேலைக்குப் போறதில்ல."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவன் எங்களுக்கு வேனிலிருந்து குளிர்ந்த தண்ணீர்ப் புட்டிகள் எடுத்துக் கொடுத்தான். லாயாங் லாயாங்கில் ஒரு வீட்டில் வேலை காத்திருக்கிறது என்று புறப்பட்டுப் போனான்.

சனிக்கிழமை, பிற்பகல். தேவிகாவே என்னை ஜோகூர் பாருவில் கொண்டுவந்து விட்டாள். நெடுஞ்சாலையில் நான் மெல்ல ஆரம்பித்தேன். "இனிமே நீங்க ரெண்டு பேரும்..."

"இல்லக்கா" என்றாள் உடனே. "அது முடிஞ்சிருச்சி. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க. மீனு வேற."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, அத்தைக்கெளுத்திக்கு இன்னும் இரண்டு மீசை வைக்க வேண்டும், போன தடவை குறைந்துவிட்டது என்றாள்.

வாரக் கடைசி என்பதால் சோதனைச் சாவடியில் கூட்டம் நெரிந்தது. பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி நகர்ந்தேன். எங்கள் காவிரியை நினைத்தேன். திருச்சிப் பாலத்திலிருந்து பார்க்கும்போது சில கோடைகளில் அது வெறும் மணல். கீழே எங்கோ கடல் இருக்கிறது, ஆறு அங்கே போய்ச் சேருகிறதா என்று பாலத்தைத் தாண்டும் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்டதில்லை. ரெங்கத்து ஆள் ஒருவன் தன் ஓடை எந்த வீட்டருகே கடலில் கலக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தான். மூன்று நாளில் பார்த்தவற்றில் என்னை இன்னும் அதிரவைப்பது இதுதான்.

வரிசை பாதி கடந்திருந்தபோது தேவிகாவிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, அட்டைல எங்க பேருக்கு நடுவுல ஒரு சின்னக் கோடு போட்டிருக்கீங்க. அத எடுத்துருங்க. பேரு ரெண்டும் இருக்கட்டும்.'

அச்சுப்படியை வெளியே எடுத்தேன். உண்மைதான். 'குணா-தேவிகா' என்று ஒரே ஆளின் பெயர்போல நான்தான் சேர்த்து வைத்திருந்தேன். பேனாவால் கோட்டை அடித்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடு போன இடம் காலியாகத் தெரிந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாக வைக்கலாம் என்று பட்டது. ஆனால் யாருடைய பெயரை மேலே வைப்பது? அதைத் தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லை என்று இந்தப் பயணம் சொல்லிக் கொடுத்திருந்தது. அவளையே கேட்டு அனுப்பினேன்.

முத்திரை குத்தும் மேசைக்கு நான் போவதற்குள் பதில் வந்துவிட்டது.

'ஆறு மேலேர்ந்துதானே வரும். அவரு பேர மேல போடுங்க.'